சாதோக் கடையைச் சுற்றிப் போன டிராக்டர்

அன்பு மகள் நஜாத்துக்கு, பூ சாலம் ஊரிலிருந்து உன் உம்மா மப்ரூக்கா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மருமகனும் என் பேரப்பிள்ளைகளும் அந்தப் பனி தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். உன் வாப்பாவுக்கு முழங்கால் வலி போன குளிரைவிட இந்தக் குளிரில் அதிகம், ஒலிவ எண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்துவிடுகிறேன், டாக்டரிடம் போகலாம் என்றால் விதைப்பு முடியட்டும் என்றார், இப்போது முடிந்ததா முடியவில்லையா என்று அவருக்கே தெரியாததால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. உன் அண்ணிக்கு இது ஐந்தாம் மாதம், வாந்தி நின்றுவிட்டது, புளிப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். நான் சொல்ல நினைப்பது அவர் காது கேட்கச் சொல்ல முடியாதது. பக்கத்து வீட்டு ஹயாத்தின் மகன் மாண்ட்ரியலுக்குத் திரும்புகிறான், அவன் பெட்டியில் ஒரு போத்தல் ஹரீஸா மிளகாய் விழுதும் வெயிலில் காயவைத்த குஸ்குஸ் ரவையும் வைக்க இடம் தந்தான், அந்த குஸ்குஸ் பைக்குள் இதையும் வைத்து அனுப்புகிறேன். ஆறாம் வகுப்போடு பேனாவை வைத்தவள் நான், எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

புது டிராக்டர் வாங்கினோம், விதைப்பு தள்ளிப் போயிற்று, இவ்வளவுதான் உனக்குத் தெரியும். நடுவில் நடந்ததை ஒருவரும் உனக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் பழைய வண்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நீ அப்போது சிறு பிள்ளை, நினைவிருக்காது. உன் வாப்பா முதல்முதலாகப் புது டிராக்டர் வாங்கப் புறப்பட்டபோது இந்தச் சமவெளியில் சிவப்பு வண்டிக்குத்தான் பேர். காபிக்கடையில் உட்கார்ந்தால் சிவப்பு, பள்ளிவாசல் வாசலில் நின்றால் சிவப்பு. இவரும் மனத்தளவில் சிவப்பை வாங்கி, ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில்தான் சாதோக் ஊருக்குள் நீல வண்டிக்கு ஏஜென்சி எடுத்துக் கடை திறந்தார். கீழே கடை, மேலே வீடு, வாசலில் ஒரே ஒரு வண்டி. உன் வாப்பா சும்மா விலை கேட்கப் போனார், நானும் சந்தைக்கு வந்தவள் கூடப் போனேன். சாதோக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. "தையிப் அண்ணே, நான் பொய் சொல்ல மாட்டேன். மேட்டுல இழுக்கறதுக்கு அந்தச் சிவப்பு என் வண்டியவிட நல்லாத்தான் இழுக்கும். ஆனா அத விக்கறவன் துனிஸ்ல இருக்கான், நான் இங்க இருக்கேன். விதைப்பு நேரத்துல வண்டி நின்னுச்சுன்னா அவன் போனை எடுப்பான், நான் செருப்பை மாட்டுவேன்." வீட்டு வாசலுக்கு வந்ததும் உன் வாப்பா, தன் சரக்கில் இருக்கிற குறையை இவன் தானாகவே சொல்கிறான், மற்றதையும் பொய் சொல்ல மாட்டான் என்றார். நீலம் வீட்டுக்கு வந்தது.

சொன்னபடியே நடந்தார் மகளே. அதை மறுக்க இந்தச் சமவெளியில் ஒரு வாய் கிடையாது. ஒரு வசந்தத்தில் நம் ஓட்ஸ் தீவனப் புல் எல்லாம் அறுத்துத் தரையில் கிடந்தது, அதைக் கட்டுக் கட்ட வேண்டும், மலைப்பக்கம் மேகம் கறுத்து இறங்குகிறது, வண்டி டீசல் பம்ப் போய் நடு வயலில் நின்றுவிட்டது. சாதோக் வந்து பிரித்துப் பார்த்தார், அந்த பம்ப் கடையில் இல்லை, துனிஸிலிருந்து வர வேண்டும். மேகத்தைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், உடனே கிளம்பிப் போனார். திரும்பி வரும்போது கையில் பம்ப் இருந்தது. கடை வாசலில் விற்பனைக்கு நின்ற புது வண்டியில் இருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அந்த வண்டியை ஏற்கெனவே ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார், அவர் வந்து கேட்டால் என்ன சொல்வாய் என்று உன் வாப்பா பதறினார். "உங்க பம்ப் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போயிருக்கு, வந்துரும்னு சொல்றேன். நீங்க முதல்ல புல்லைக் கட்டுங்க" என்றார். கட்டி முடித்துக் கொட்டகைக்குள் ஏற்றியதும் மழை வந்தது. அன்று சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே நான் மண் அடுப்பில் சுட்ட தாபூனா ரொட்டியையும் மொச்சைக் குழம்பையும் சாப்பிட்டார். ஹரீஸாவைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "அக்கா, இதுல ஒரு கரண்டி டேங்க்ல ஊத்தினா டீசலே வேண்டாம்" என்றார். அதற்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் உன் வாப்பாவின் பேச்சு ஒன்றுதான், நான் டிராக்டர் வாங்கவில்லை, சாதோக்கை வாங்கினேன் என்பார். சாதோக் அந்தப் பக்கத்திலிருந்தே, "அப்ப என்னைத் தொழுவத்துல கட்டிப்போடுங்க, தீனி போடறது அக்கா பொறுப்பு" என்பார். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நம் உறவினர், பக்கத்து ஊர்க்காரர், ஆற்றுக்கு அந்தக் கரைக்காரர் எல்லோரும் நீலத்துக்கு மாறினார்கள். வண்டியைப் பார்த்து மாறியவர் குறைவு. நின்றால் ஆள் வருவான் என்று மாறியவர்தான் அதிகம். சிவப்பு வைத்திருந்தவர்கள்கூட, என் வண்டிதான் உசத்தி, ஆனால் அவனுக்குத்தான் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்று உன் வாப்பாவைக் காட்டிச் சொல்வார்கள்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன வருஷம் அந்த நீல வண்டிக் கம்பெனியே பேஜா நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஒரு பணக்கார முதலாளியைக் கொண்டு பெரிய ஷோரூம் ஒன்றைத் திறக்க வைத்தது. சுவரெல்லாம் கண்ணாடி, உள்ளே ஏழெட்டு வண்டிகள் கழுவித் துடைத்து நிற்கும், போனவர்களுக்குக் காபி, வாங்குகிறவர்களுக்குக் கம்பெனி பேர் போட்ட ஜாக்கெட். மொத்தமாக எடுப்பதால் விலையிலும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள். சாதோக்கால் அந்த விலைக்கு இறங்க முடியாது. ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, முதலில் சாதோக் கடைக்குப் போவார்கள், எந்த வண்டி எந்த மண்ணுக்குச் சரி, எந்தக் கலப்பைக்கு எவ்வளவு இழுவை வேண்டும் என்று எல்லாம் அவரிடம் கேட்டுக்கொள்வார்கள், அவர் தரும் டீயைக் குடிப்பார்கள், பிறகு பேஜாவில் போய் வாங்கி வருவார்கள். வண்டி நின்றால் மறுபடி சாதோக். அவரும் போய்ப் பார்ப்பார். இதைச் சொல்லும்போது மற்றவர்களைச் சொல்கிறமாதிரி சொல்கிறேன், நம் வீடும் அதில்தான் வந்து சேர்கிறது.

உன் அண்ணன் அன்வர், ஹாஜியாரின் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்த பிறகு பழைய வண்டி போதவில்லை, பெரியது வேண்டும் என்றான். அது நியாயம்தான். ஆனால் ஒரு நாள் பேஜா போய் ஷோரூமைப் பார்த்துவிட்டு வந்தவன் பேச்சே மாறிவிட்டது. ஏசி வைத்த கேபின், உள்ளே டிவி மாதிரி திரை, கூடவே சட்டிக் கலப்பை இலவசம். உன் வாப்பா ரொட்டியைப் பிட்டபடி, சாதோக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவோம் என்றார். அதற்கு அன்வர் சொன்னான், "வாப்பா, அங்க வாங்கினாலும் இதே நீலம்தான், இதே கம்பெனிதான். சாதோக் மாமா எங்க போய்டப் போறாரு. யார்கிட்ட வாங்கின வண்டின்னு அவர் என்னைக்காவது கேட்டிருக்காரா, கூப்பிட்டா வருவாரு." நஜாத், அந்தச் சாப்பாட்டு மேஜையில் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. கூப்பிட்டால் வருகிறவன் என்பதாலேயே அவனிடம் வாங்க வேண்டாம் என்று ஆகிறதே என்று. கேளுங்கள், அவரும் கொஞ்சம் குறைக்கலாம் இல்லையா என்று நான் சொன்னேன். உன் வாப்பா, கேட்டு அவன் முடியாது என்றால் எந்த முகத்தோடு பேஜா போவேன் என்றார். கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலே போனார்கள். வண்டியை லாரியில் ஏற்றி வந்த நாளில், நேர் சாலையில் வந்தால் சாதோக் கடை வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று, அன்வர் டிரைவரிடம் சொல்லிப் பழைய பாலம் வழியாக மெஜர்தா ஆற்றங்கரை மண்பாதையில் சுற்றிக் கொண்டுவந்தான். வீட்டு வாசலில் வண்டி இறங்கியது, பிள்ளைகள் கை தட்டினார்கள், உன் வாப்பா மட்டும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு நாள் கழித்து சாதோக்கே வந்தார். கையில் பேஜாவின் தேனில் ஊறிய இனிப்புப் பெட்டி, புது வண்டிக்கு வாழ்த்துச் சொல்ல. எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவர் வண்டியைச் சுற்றி வந்தார், முன்னால் தொங்கும் எடைக் கட்டிகளைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "அன்வர், ஸ்பேனர் கொண்டா, இதைச் சரியா முறுக்காம விட்டிருக்காங்க" என்று முறுக்கிக் கொடுத்தார். டீ குடித்தார். மாடுகளை விசாரித்தார். ஒரு குறை வார்த்தை இல்லை. அவர் போனதும் உன் வாப்பா அந்தப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடு என்றார்.

எங்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. எத்தனை வண்டி விற்றாய் என்றுதான் கம்பெனி வருஷாவருஷம் கேட்குமாம். எத்தனை வண்டியை நிற்காமல் ஓட வைத்தாய் என்று அவர்களுக்குக் கேட்கத் தெரியாது. சாதோக்குக்கு இந்த வருஷம் கடைசி வாய்ப்பு என்று சொல்லியிருக்கிறார்கள், அவர் அதை வெளியில் ஒருவரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பிச்சை கேட்கிற மாதிரி ஆகும் என்று நினைத்திருப்பார். நம் ஒரு வண்டியால் அவர் கடை தப்பியிருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் நம்மைப் போலவே ஒவ்வொரு வீட்டிலும் என் ஒரு வண்டிதானே என்று நினைத்தார்கள். கோடை முடிகிற சமயம் கம்பெனி லாரி வந்து போர்டைக் கழற்றியது, உதிரிபாகம் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக ஏற்றியது, வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டது. அவரிடம் இருந்த மெக்கானிக் பேஜாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கடையை இப்போது கோழித்தீவனம் விற்கிற ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

நவம்பரில் முதல் மழை நன்றாகப் பெய்தது. உனக்குத் தெரியும், நம் கரிசல் மண் முதல் மழைக்கும் அடுத்த பெருமழைக்கும் நடுவில் கொஞ்ச நாள்தான் சக்கரத்தைத் தாங்கும், அதற்குள் விதைத்துவிட வேண்டும், விட்டால் வண்டி அச்சு வரை இறங்கிவிடும். மேட்டு நிலம் விதைத்து முடித்து ஆற்றோரத்துத் தாழ்ந்த நிலத்துக்குள் இறங்கிய அன்று, திரையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி இரும ஆரம்பித்தது, பிறகு நின்றது. அன்வர் பேஜாவுக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள், "உங்க புகார் பதிவாயிடுச்சு சார், உங்க வரிசை வரும்போது மெக்கானிக் கூப்பிடுவாரு" என்றாள். மறுநாள் வேறொருவன், அதே வார்த்தை. அதற்கடுத்த நாள் அன்வர் கத்தியே விட்டான், "வரிசையா, மழையையும் கொஞ்சம் வரிசையில நிக்கச் சொல்றீங்களா" என்று. நேரில் போய்க் கண்ணாடிக் கூடத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தான். காபி தந்தார்கள் என்றான். அங்கே பார்த்தால் நம் ஆற்றுப்பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்களாம். எல்லோரையும் நீலத்துக்கு மாற்றியது சாதோக்தான், எல்லோரையும் ஒரே வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தது நாங்கள்தான். வாடகைக்கு வேறு வண்டி பிடிக்கலாம் என்றால் ஓடுகிற வண்டி எல்லாம் அவரவர் நிலத்தில்.

கடைசியில் உன் வாப்பா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, மப்ரூக்கா, நீயும் வா, எனக்குத் தனியாகப் போக முடியவில்லை என்றார். தீவன மூட்டைகளுக்கு நடுவே படியேறி மேலே போனோம். சாதோக் மனைவி லத்தீஃபா கதவைத் திறந்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள், முன்போல இறுக்கவில்லை. சாதோக் எழுந்து, "வாங்க அண்ணே, உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் பேசலாம்" என்றார். உன் வாப்பா கண்ணாடி டம்ளரைக் கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். வண்டி நிற்கிறது என்று நான்தான் சொன்னேன். சாதோக் நான் முடிக்கும் முன்பே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். லத்தீஃபா, "எங்க போறீங்க, என்ன இருக்கு உங்க கையில" என்று கேட்டாள். அவர் அதற்குள் படியிறங்க ஆரம்பித்திருந்தார்.

வயலில் அவர் கேபினில் ஏறித் திரையைப் பார்த்தார், மூடியைத் திறந்து ஏதோ ஒன்றைத் தொட்டுப் பார்த்தார், இறங்கி வந்து கையை மண்ணில் தேய்த்துக்கொண்டார். "இது ஒரு சின்னப் பொருள்தான். அதை மாத்தி, கம்ப்யூட்டர்ல சொன்னாத்தான் இது கிளம்பும். ரெண்டும் என் கடை ராக்குல இருந்துச்சு" என்றார். அன்வர் வேறு எங்காவது கிடைக்குமா என்று கேட்டான். "பேஜாவுலதான் இருக்கும். என் கடைப் பெட்டிங்க பிரிக்காம அங்க ஒரு மூலையில கிடக்குதாம்." பழைய மெக்கானிக்குக்கு எங்கள் எதிரிலேயே போன் போட்டார். அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்கே கேட்டது, "அண்ணே, உங்க பேரைச் சொன்னா இங்க இன்னும் பின்னால தள்ளுவாங்க, வேண்டாம்" என்றார். சாதோக் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வயலையே பார்த்தார். அப்போது அன்வர், உன் அண்ணன், அவன் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை, "எங்க மேல கோவமா மாமா" என்று கேட்டான். "கோவம் எதுக்குடா. விலை குறைவா கிடைக்கிற இடத்துல வாங்கினே, நானா இருந்தாலும் வாங்குவேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே அங்க போய் வாங்குன்னு அனுப்பியிருப்பேன். ஆத்தோரமா சுத்திக் கொண்டுவந்தியே, அதுதான். என் கடை வாசல்ல போற வண்டியப் பாத்து நான் கல்லெறியவா போறேன்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இனிப்புப் பெட்டியோடு வந்த அன்றே தெரிந்திருக்கிறது. உன் வாப்பா குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்துக்கொண்டே இருந்தார், நான் தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டேன்.

அந்த வார முடிவில் பெருமழை வந்தது. தாழ்ந்த நிலம் இப்போது ஏரி மாதிரி கிடக்கிறது, வாத்துகள் இறங்கியிருக்கின்றன. மழை விட்ட பிறகு பேஜாவிலிருந்து ஒரு பையன் சுத்தமான உடுப்போடு காரில் வந்தான், விரல் அளவு ஒரு பொருளை மாற்றினான், நான் டீ போட்டு முடிக்கும் முன் வண்டி கிளம்பிவிட்டது. நல்ல பிள்ளைதான், மன்னிப்புக்கூடக் கேட்டான், ஒரே ஆளாக இரண்டு மாவட்டம் பார்க்கிறானாம். மேட்டு நிலத்தில் கோதுமை முளைத்திருக்கிறது. தாழ்ந்த நிலத்தில் தண்ணீர் வடிந்தால் வசந்தத்தில் கொண்டைக்கடலை போடலாம் என்கிறான் அன்வர். ஹாஜியார் அடுத்த வருஷம் குத்தகையை நமக்கே தருவாரா என்று தெரியவில்லை, கேட்டால் பார்க்கலாம் என்கிறார்.

இனி நான் உண்மையில் எழுத வந்த காரியம். அந்தச் சிவப்பு வண்டிக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் துனிஸிலிருந்து சாதோக்கைத் தேடி வந்திருக்கிறார்கள். எங்கள் ஏஜென்சியை எடுத்துக்கொள், உதிரிபாகம் எல்லாம் உன் கையில் தருகிறோம் என்று. ஊரில் ஒரே பேச்சு இதுதான். காபிக்கடையில் உன் வாப்பாவும் மற்றவர்களும் சாதோக்கைச் சுற்றி உட்கார்ந்து, நீ சிவப்பை எடு, நாங்கள் எல்லோரும் நீலத்தை விற்றுவிட்டு உன்னிடம் சிவப்பு வாங்குகிறோம், எங்களுக்கு நிறமா முக்கியம் என்று சொல்லியிருக்கிறார்கள். சாதோக் சிரித்தாராம். "யாருக்கு விக்க அண்ணே. என்கிட்ட விலை கேட்டுட்டு, என் டீயக் குடிச்சிட்டு, பேஜாவுல சிவப்புக்கு ஷோரூம் திறந்ததும் அங்க போறவங்களுக்கா" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், அவரும் கூடச் சிரித்துவிட்டுத் தன் காபிக்குத் தானே காசு கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். உன் வாப்பா வீட்டுக்கு வந்து இதை எனக்குச் சொல்லும்போது சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் காபிக்கடைப் பக்கம் போவதில்லை.

சாதோக் மகள் இப்திஸாம் உன் செய்திக்கு ஏன் பதில் போடுவதில்லை என்று இரண்டு முறை கேட்டாய், நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அவள்தானே கடையில் உதிரிபாகக் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை போனதும் அவளுக்கும் வேலை போயிற்று. இப்போது துனிஸில் ஒரு கால் சென்டரில் இருக்கிறாள். பிரான்சில் யாருக்கோ துணி துவைக்கும் மெஷின் நின்றுபோனால் இவளுக்குப் போன் வருமாம், இவள் தன் பேரை ஸோஃபி என்று சொல்லிக்கொண்டு, உங்கள் புகார் பதிவாகிவிட்டது, உங்கள் வரிசை வரும் என்று சொல்ல வேண்டுமாம். லத்தீஃபா இதைச் சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயலிலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தால், அவன் மூச்சு வாங்கி முடிக்கும் முன் பொருளை எடுத்துக் கையில் கொடுக்கிற பிள்ளை அது.

உன் வாப்பாவும் அன்வரும் சேர்ந்து ஒரு யோசனை செய்திருக்கிறார்கள். இப்திஸாம் சொன்னால் சாதோக் கேட்பார், நீ சொன்னால் இப்திஸாம் கேட்பாள், ஆகவே நீ அவளுக்கு எழுதி, அவள் வாப்பாவைச் சிவப்பு ஏஜென்சி எடுக்கச் சொல்ல வேண்டும், அவளுக்கும் ஊரில் பழைய வேலை கிடைக்கும், நமக்கும் ஆள் கிடைக்கும். இதை எப்படியாவது நஜாத்துக்குச் சொல் என்று உன் வாப்பா என்னிடம் சொன்னார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை, அவருக்குச் சாதோக்கை மறுபடி அந்தக் கடையில் பார்க்க வேண்டும், அதுவும் உண்மைதான். சொல்லச் சொன்னார், எழுதிவிட்டேன். எழுதினாயா என்று கேட்டால் எழுதினேன் என்று சொல்வேன், அது பொய்யாகாது. இப்போது நான் சொல்வதைக் கேள். அதை அவளிடம் கேட்காதே. அவருக்கு எடுக்க மனம் வந்தால் அவராகவே எடுக்கட்டும். அந்தக் கடை இருந்தபோது அது நமக்கு வேண்டியிருந்தது, அவரைப் பற்றி நினைக்கவில்லை. இப்போதும் நம் வண்டி ஓட வேண்டும் என்பதற்காகவே அந்த வீட்டுக் கதவைத் தட்டினால், அவர்கள் நம்மை உள்ளே விடுவார்கள், டீயும் தருவார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதில் வராவிட்டாலும் அவளுக்கு எழுது. பிள்ளைகளின் படம் அனுப்பு. தங்கியிருக்கிற அறையில் குளிருக்கு ஹீட்டர் இருக்கிறதா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாள் என்று கேள். இப்திஸாம் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுது, நாள் முழுக்க வேறு பேரில் இருக்கிறவள்.

ஹரீஸா போத்தலைத் திறந்ததும் மேலே எண்ணெய் ஊற்றி வை, இல்லாவிட்டால் பூத்துவிடும். பெரியவனுக்கு நம் பேச்சை மறக்கவிடாதே, வெள்ளிக்கிழமை என்னோடு அவன் பேச வேண்டும், தலையை மட்டும் ஆட்டினால் எனக்குத் தெரிவதில்லை. மருமகனுக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தையும் உங்கள் உடம்பில் சுகத்தையும் தருவானாக, உங்களைத் தேடி வருகிறவர்களை மதிக்கிற மனதையும் தருவானாக. உன் வாப்பா இதைப் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை போனில் அவர் காது கேட்க, இப்திஸாமுக்கு எழுதினாயா என்று நான் கேட்டால், எழுதிவிட்டேன் உம்மா, பதில் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிடு.

என்றும் உன் நலத்தை வேண்டும்,
உம்மா மப்ரூக்கா